காயக்காரர் ஓடி வந்த ஷாட்

மேடையில் அமர்ந்திருக்கும் ஒப்பனைக் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, விளக்கு சுமந்தவர்களே, கேமரா தள்ளியவர்களே, என் படங்களில் நூறு முறை செத்து விழுந்து நூறு முறையும் எழுந்து டீ குடிக்கப் போன துணை நடிகப் பெருமக்களே, முன் வரிசையில் அண்ணனின் படத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணி அவர்களே, அவர் மகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைவர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அதனால் மைக் ஒயரைத் தன் காலடியிலேயே போட்டுவைத்திருக்கிறார். பிடுங்கினாலும் பரவாயில்லை. மைக் இல்லாமலே ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும்படி கத்திப் படம் எடுத்தவன் நான். அந்தக் கத்தலைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

நம் காயக்காரர் அண்ணன் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. செய்தி வந்ததிலிருந்து பாதித் தூக்கத்தில் நடப்பவனைப் போலவே நடமாடுகிறேன். காலையில் முகம் கழுவ நின்றால் கண்ணாடியில் பனி படர்கிறது. அந்தப் பனிக்குள் ஓர் ஆற்றங்கரை தெரிகிறது. அடுப்பில் வெந்நீர் தளதளத்தால் அண்ணன் வந்துவிட்டார் என்று திரும்பிப் பார்க்கிறேன். "என்னங்க, யாரைத் தேடுறீங்க?" என்று என் மனைவி கேட்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல?

அவரைப் புகழ்வதற்கு மட்டும் நான் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லாமலே அவரை அனுப்பிவைத்துவிட்டேன். அந்தப் பதிலை அவர் படத்துக்கு நேரே நின்று, உங்கள் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

பின்னால் துணியில் 'ஒப்பனைச் செம்மல்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் இருந்திருந்தால் அதைப் படித்துவிட்டு, யாருங்க அவரு, எனக்குத் தெரிஞ்சவரா என்று கேட்டிருப்பார். அவருக்கு ஒரே பட்டம்தான். காயக்காரர். முப்பது வருஷம் போர்ப்படங்களுக்குக் காயம் செய்தவர். குண்டு பாய்ந்த தோள், கிழிந்த தொடை, கட்டுக்குள் ஊறும் சிவப்பு எல்லாம் அவர் கைவேலை. ஆனால் முகத்தில் பவுடர் போடச் சொன்னால் திருதிருவென்று முழிப்பார். கதாநாயகியின் கன்னத்தில் ஒருநாள் சிவப்பு தடவச் சொன்னோம்; அடித்து வீங்கினது போலாக்கிவிட்டார். அந்த அம்மா அழுதுவிட்டார்!

அவருடைய அறையைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், தெரியும். சுவரோரம் தகரத் தட்டுகள். தட்டுக்குத் தட்டு ஒரு சீட்டு. 'இடது தோள், வயது நாற்பது.' 'முழங்கால், ஓடும்போது விழுந்தவன்.' ரப்பரில் செய்த காயங்கள் அதில் மெல்லிய துணி போர்த்தித் தூங்கிக்கொண்டிருக்கும். மூலையில் ஒரு கெட்டில் எப்போதும் முனகிக்கொண்டிருக்கும். ஜன்னல் வழியாக வரும் வெயிலில் ஆவி மெதுவாக ஏறும். உள்ளே போனால் வெளியில் நான் போட்ட கூச்சலெல்லாம் ஏதோ வேறு ஊரில் நடந்தது போல இருக்கும். எத்தனையோ நாள் ஆளைத் திட்டப் போய், திட்ட வந்ததை மறந்து, அந்த நாற்காலியில் கண்ணயர்ந்திருக்கிறேன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்கும் கேட்காமல் காயம் போட மாட்டார். கதாநாயகனோ, கூட்டத்தில் கடைசி வரிசையில் விழுகிறவனோ, எல்லோருக்கும் ஒரே முறைதான். ஆளை உட்காரவைப்பார். கண்ணாடியைத் துணியால் மூடுவார். ஒரு விரலால் தோளைத் தொட்டு, "இங்க போடலாமா?" என்று கேட்பார். எதிரில் இருப்பவன் சரி என்றால்தான் தட்டைத் திறப்பார். வேண்டாம் என்றால் வேறு இடம் தேடுவார். நெற்றி வேண்டாம், வீட்டில் அம்மா பயப்படுவார் என்று சொன்னவன் உண்டு. வயிறு வேண்டாம், போன மாதம்தான் ஆபரேஷன் ஆனது என்றவன் உண்டு. இருநூறு பேரை வைத்துப் படம் எடுக்கிறேன், இருநூறு பேரிடமும் கேட்டுக்கொண்டிருந்தால் விளங்குமா என்று நான் குதிப்பேன். நான் குதித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

சாயங்காலம் அதே இருநூறு பேரையும் வரிசையாக உட்காரவைத்து, ஒரு குவளை வெந்நீரும் துணியுமாகக் காயங்களை அவரே கழுவி எடுப்பார். ஒருத்தரும் அதோடு வீட்டுக்குப் போகக் கூடாது. ஒருமுறை ஒரு வேடிக்கைப் பேர்வழி, தலையில் கட்டும் நெற்றியில் காயமுமாக வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறார். அவருடைய நாலு வயது மகள் ஒரு வாரம் அப்பாவிடம் வரவில்லை. அதைக் கேட்ட நாளிலிருந்துதான் இந்த வெந்நீர்.

மத்தியான நேரங்கள் எனக்கு இப்போதும் கனவில் வருகின்றன. சாப்பாடு முடிந்து, போர்க்களத்தில் விழுந்த இடத்திலேயே எல்லோரும் படுத்துத் தூங்குவார்கள். நாற்பது பிணங்கள், நாற்பது குறட்டைகள். எதிரிப் படைக்காரன் நம் படைக்காரனின் வயிற்றில் தலை வைத்துத் தூங்குவான். அண்ணன் செய்யும் ரத்தத்தில் சர்க்கரைப் பாகு உண்டு. அதனால் எறும்பு தேடி வரும். திடீரென்று ஒரு பிணம் எழுந்து தொடையைத் தட்டிக் குதிக்கும், மறுபடி படுத்துக்கொள்ளும். இவர் அவர்களுக்கு நடுவே சத்தமில்லாமல் நடந்து, முகத்தில் வெயில் விழுகிறவர்களுக்குத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டே போவார். தூரத்திலிருந்து பார்த்தால் போர் முடிந்துபோய், யாரோ ஒருவர் எல்லோரையும் போர்த்திவிடுவது போலத் தோன்றும்.

அவருக்கும் எனக்கும் சண்டை வராத படம் கிடையாது. எல்லாம் ரத்தத்தைப் பற்றித்தான். எனக்கு எப்போதும் இன்னும் வேண்டும். பார்க்கிறவன் நடுங்க வேண்டும், அப்போதுதான் போரின் கொடுமை உறைக்கும், அதுதான் யதார்த்தம் என்று நான் முழங்குவேன். கூட்டங்களில் அதைச் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். இவர் ஒருநாள் தன் பாட்டுக்குக் குவளையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"நடுங்கினா கண்ணை மூடிக்குவான் சார். மூடின கண்ணுக்கு நான் எதுக்குக் காயம் போடணும்? ரத்தம் ஜாஸ்தியாச்சுன்னா ஆள் மறைஞ்சுடுவான்."

ஆள் மறைந்துவிடுவான்! எத்தனை விமர்சகர்கள் எத்தனை பக்கம் எழுதினார்கள்? இந்த ஒரு வரியை யாராவது எழுதினார்களா?

அவர் அதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சினிமாவுக்கு வருவதற்கு முன்னால், நிஜமாகவே சண்டை நடந்த காலத்தில், ஓர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் வேலையில் இருந்தவர். அதைப் பற்றிப் பேச மாட்டார். நான் நச்சரித்து நச்சரித்து ஒரே ஒரு விஷயம்தான் வாங்கினேன். "அடிபட்டவன் நீங்க நெனைக்கிற மாதிரி கத்த மாட்டான் சார். செருப்பைத் தேடுவான்" என்றார். எழுந்து நடக்க முடியாது என்று இன்னும் அவனுக்குத் தெரியாது. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம் என்று நினைத்துக் கையால் தரையைத் தடவுவான் என்றார். நான் சிரித்தேன். செருப்பைத் தேடுகிற வீரனை வைத்துப் படம் எடுத்தால் தியேட்டரில் சிரிப்பார்கள் என்றேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எப்படியும் வந்துதானே ஆக வேண்டும்?

ஆற்றங்கரையில் எடுத்த படம். உங்களில் பலருக்கு அந்தப் படம் தெரியும், அதில் அந்தப் பதினோரு வினாடி ஷாட்டும் தெரியும். அன்றைக்குக் காலைப் பனி எனக்கு வாய்த்தது. பால் தெளித்தது போல வெளுத்த கரை, அதில் ஆட்கள் நிழலாக ஊர்ந்து வர வேண்டும். ஒரு வீரர் குறைந்தார். செட்டு வேலைக்கு வந்த தச்சரைப் பிடித்துச் சட்டையை மாட்டிவிட்டோம். அவர் காலுக்குப் பொருந்தும் பூட்ஸ் இல்லை. கால்தான் தெரியப்போவதில்லையே என்று சொந்தச் செருப்போடு படுக்கச் சொன்னோம்.

அவருக்கும் அண்ணன் கேட்டுத்தான் காயம் போட்டார். கையில் போடலாமா என்று கேட்டிருக்கிறார். "கை வேணாம்ணே. கைதான் என் பொழப்பு. பொய்யாக்கூட வேணாம்" என்றாராம் தச்சர். அண்ணன் சிரித்துவிட்டுத் தோளில் போட்டு அனுப்பினார்.

மண்ணுக்குள் சின்னச் சின்ன வெடிகள் புதைத்திருந்தோம். யார் எதுவரை ஊர்ந்து வர வேண்டும் என்று குச்சி நட்டுக் காட்டியிருந்தோம். கேமரா ஓடுகிறது. தச்சர் தன் குச்சிக்கு வந்து நின்றுவிட்டார். சரியாகத்தான் நின்றார். பனிக்குள் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தகரக் கூம்புக் குழாயை வாயில் வைத்து, "இன்னும் முன்னாடி வா! இன்னும் ரெண்டு முழம்!" என்று கத்தினேன். டைரக்டர் சொன்னால் கேட்க வேண்டும் அல்லவா? கேட்டார். இரண்டு முழம் வந்தார். வலது கையை ஊன்றினார்.

வெடித்தது. மண் எழும்பி விழுந்தது. பனிக்குள்ளிருந்து அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். கத்தவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு இடது கையால், மிக மெதுவாக, தரையைத் தடவ ஆரம்பித்தார்.

என் உதவியாளர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஒருவர் சத்தமில்லாமல் கைதட்டினார். காயக்காரர் அசத்திவிட்டார், கையில் எவ்வளவு தத்ரூபமாகக் காயம் போட்டிருக்கிறார் என்று என் காதில் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சினிமாக்காரனைத் தவிர வேறு யாரால் இப்படி ஒரு தப்புப் பண்ண முடியும்? தெருவில் போகிற எவனாவது அந்த மனிதரைப் பார்த்திருந்தால் ஓடிப் போய்த் தூக்கியிருப்பான். நாங்கள் ரசித்துக்கொண்டிருந்தோம்.

அங்கே ஒரே ஒருவருக்குத்தான் தெரிந்தது. கூடாரத்து வாசலில், ஷாட் முடிந்த யாருக்கோ காயத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கையில் அவர் எதுவும் போடவில்லை. அந்த ஆள் செருப்பைத் தேடுகிறான். அவ்வளவுதான், ஓடினார். கையிலிருந்த வெந்நீர்க் குவளையைக் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கேமராவுக்கு முன்னால் ஓடினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? என்னைவிட எட்டு வயது மூத்தவரை, ஒவ்வொரு நாளும் அண்ணே என்று கூப்பிட்டவரை, "ஃபிரேமை விட்டு வெளிய போய்யா! ஷாட்டைக் கெடுக்காத!" என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தச்சருக்கு இரண்டு விரல் போயிற்று. வலது கையில்.

வைத்தியம் பார்த்தோம், ஆஸ்பத்திரிக்குப் போய் உட்கார்ந்தோம், செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம். பிறகு எடிட்டிங் அறையில் அந்த ஷாட்டைப் பார்த்தேன். பார்த்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒன்றை யாரும் எடுத்ததில்லை. காயக்காரரின் தோள் ஓரத்தில் தெரிவதற்கு ஒரு நொடி முன்னால் வெட்டச் சொன்னேன். வெட்டினால் பதினோரு வினாடி நின்றது. அந்தப் பதினோரு வினாடிதான் என்னைப் பெரிய மனிதன் ஆக்கியது. போர் என்றால் இதுதான் என்று எழுதினார்கள். அந்தச் செருப்புத் தேடும் யோசனை எப்படி வந்தது என்று பேட்டியில் கேட்டார்கள். என் கற்பனை என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன்.

படம் முடிந்து முதல் முறை போட்டுக் காட்டிய அன்றைக்கு எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். பக்கத்தில் போனேன். பாராட்டப்போகிறார் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்வது?

"அவன்கிட்ட கேட்டீங்களா?" என்றார்.

அவரை நன்றாகக் கவனித்துக்கொண்டோமே என்று ஏதேதோ சொன்னேன். "அது இல்ல சார். கேட்டீங்களா?"

எத்தனை சின்னக் கேள்வி! அதற்குப் பிறகு ஒன்பது படம் என்னோடு வேலை செய்தார். முகம் சுளிக்கவில்லை, பேச்சை நிறுத்தவில்லை. ஒவ்வொரு படத்தின் முதல் நாளும் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு அதே கேள்வியை ஒரு தடவை கேட்பார். நான் பேச்சை மாற்றுவேன். போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போயிருந்தேன். அந்தப் படத்தைப் புதுப்பித்து மறுபடியும் வெளியிடுகிற செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. குரலே இல்லை. உதடு அசைந்தது. அண்ணி குனிந்து கேட்டுவிட்டு, "கேட்டீங்களான்னு கேக்குறாரு தம்பி" என்றார். அண்ணிக்கு என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். நாளைக்கு வருகிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் நான் போகவில்லை.

அவர் போன நாலாம் நாள் காலையில் தச்சரின் பட்டறைக்குப் போனேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. கூரை ஓட்டையில் வெயில் கயிறு போல இறங்க, அதில் மரத்தூள் மிதந்துகொண்டிருந்தது. மூன்று விரலால் பலகையை அழுத்திப் பிடித்து, இடது கையால் இழைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காராமலே கேட்டேன். அந்த ஷாட் படத்தில் இருக்கலாமா, வேண்டாமா என்று கேட்டேன். அவர் இழைப்பதை நிறுத்தவில்லை. சுருள் சுருளாக மரம் உதிர்ந்து என் காலடியில் விழுந்தது. நான் அந்தச் சுருள்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டி.வி.ல போடறப்பல்லாம் எம் பேரன், தாத்தா வந்துட்டாருன்னு கூப்புடுவான். நான் வாசலுக்குப் போயிடுவேன்" என்றார். பிறகு இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாரும் என் கையத்தான் பாத்துருக்காங்க. அதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு யாருக்குமே தெரியாது. அண்ணன் வந்தாரு சார். துண்டால கைய இறுக்கிச் சுத்தினாரு. அப்புறம் என் செருப்பத் தேடி எடுத்து, கால்ல மாட்டிவிட்டாரு. கௌம்பலாம் வாப்பான்னாரு. அப்பதான் எனக்கு உசுரு வந்துச்சு. கை தெரியறத எடுத்துடுங்க. அண்ணன் வர்றத வைங்க. அதுவும் நெசந்தானே?"

அதுவும் நிஜம்தானே! நாற்பது வருஷம் யதார்த்தம் யதார்த்தம் என்று தொண்டை கிழியக் கத்தின எனக்கு இது தோன்றவில்லையே!

வெட்டி எடுத்த மிச்சத் துண்டை நான் தூக்கிப் போடவில்லை. ஏனென்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஒரு தகர டப்பாவில், அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. போன வியாழக்கிழமை என் பழைய எடிட்டரும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். சத்தம் கிடையாது. வெறும் பனி. பனியின் ஓரத்தில் ஒரு வெள்ளை அங்கி அசைகிறது. அண்ணன் வருகிறார். கையில் குவளை. அத்தனை வேகமாக ஓடி வருகிறவரின் குவளையிலிருந்து ஆவி மெல்லப் பின்னால் நீண்டுகொண்டே வருகிறது. மண்டியிடுகிறார். துண்டு விரிகிறது, கை மறைகிறது. ஃபிரேமை விட்டுக் குனிந்து காணாமல் போகிறார். திரும்பி நிமிரும்போது அவர் கையில் ஒரு செருப்பு. மண்ணைத் தட்டிவிடுகிறார், பார்த்தீர்களா, அந்த நேரத்திலும் மண்ணைத் தட்டிவிடுகிறார். பத்தொன்பது வினாடி. எடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். திரும்பத் திரும்ப ஓடவிட்டோம். ஒவ்வொரு முறையும் வந்தார்.

அந்தப் பதினோரு வினாடியை எடுத்துவிட்டு இந்தப் பத்தொன்பதை வைக்கச் சொன்னதும், படத்தை வெளியிடுகிறவர்கள் தலையில் கை வைத்துவிட்டார்கள். போஸ்டரே அந்தப் பதினோரு வினாடிதான் என்கிறார்கள். சரித்திரத்தை வெட்டலாமா என்கிறார்கள். போர்க்களத்தில் அங்கி போட்ட ஆள் குவளையோடு எங்கிருந்து வந்தான் என்று ஜனங்கள் கேட்பார்களே என்கிறார்கள். கேட்கட்டும். கேட்டால் சொல்வேன், அவர் ஒருவர்தான் அங்கே நிஜமான ஆள் என்று. அந்த ஷாட் இல்லாவிட்டால் நான் சின்ன மனிதன் ஆகிவிடுவேன் என்றால் ஆகிவிட்டுப் போகிறேன். எழுபது வயதில் எனக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

அதோ, மூன்றாவது வரிசை ஓரத்தில் தச்சர் உட்கார்ந்திருக்கிறார். அண்ணனின் படத்துக்குச் சட்டம் போட்டு எடுத்துவந்தவர் அவர்தான். எழுந்திருக்க வேண்டாம், உட்காருங்கள். உங்களிடம் கேட்டுவிட்டேன் என்று இவர்கள் முன்னால் நான் சொல்லலாமா? தலையாட்டுகிறார். நன்றி.

அண்ணே, கேட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் தாமதம், ஆனால் கேட்டுவிட்டேன்.

இந்தச் சங்கத்தின் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அவர் தட்டுகளை அவர் மகள் உங்களுக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். தட்டுகளோடு அந்தக் கேள்வியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த உடம்பில் கை வைத்தாலும் முதலில் கேளுங்கள். சாயங்காலம் கழுவிவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். எந்த டைரக்டராவது குதித்தால், குதித்து முடிக்கிற வரைக்கும் காத்திருங்கள்.

அடுத்த மாதம் படம் வருகிறது. எல்லோரும் வாருங்கள். அண்ணியை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். ஆற்றங்கரை வரும், பனி வரும், ஒரு வெடிச்சத்தம் கேட்கும். பனியின் ஓரத்திலிருந்து ஒரு மனிதர் குவளையோடு ஓடி வருவார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். இந்த முறை வெளியே போ என்று கத்த மாட்டேன்.